நெரிசலில் சூடேறிய பூ வண்டி: ஒரு பிக்கப்புக்கு ரேடியேட்டர் மின்விசிறி பொருத்திய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தமிழகத்திலிருந்து விமானத்தில் வரும் மல்லிகை அதிகாலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறது. கடைகள் திறப்பதற்குள் அது லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கும், பிறகு தீவின் பல பகுதிகளில் உள்ள கோயில்களுக்கும் போய்ச் சேர வேண்டும். இந்த வேலையைச் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் பிக்கப் வண்டியைப் பற்றியது இந்த ஆய்வு. இரட்டைக் கேபின், 2.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின், வயது 11.

வண்டியின் பின்னால் திறந்த தட்டு இருக்கிறது. ஆனால் மொட்டு மல்லிகை அங்கே ஏறுவதில்லை. வெப்பம் பட்டால் விற்பதற்கு முன்பே மலர்ந்துவிடும். தெர்மோகோல் பெட்டிகளைக் கேபினின் பின்னிருக்கையில் அடுக்கி, ஏசியைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதுதான் அவர்கள் வழக்கம். ஆகவே இந்த வண்டியில் ஏசி நின்றால் அன்றைய சரக்கு போயிற்று என்று பொருள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு: நாங்கள் எடுத்த முடிவுகளில் பாதி எஞ்சினுக்காக அல்ல, அந்தப் பெட்டிகளுக்காக எடுக்கப்பட்டவை.

வண்டிக்கு 10 ஆண்டு நிறைந்தபோது உரிமையாளர், சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை 5 ஆண்டுக்கு நீட்டித்திருந்தார். அப்படி நீட்டித்த வண்டியை மறுபடி நீட்டிக்க முடியாது. எங்களிடம் வந்தபோது மீதி 4 ஆண்டு இருந்தது. 10 வயதைக் கடந்த சரக்கு வண்டி என்பதால் 6 மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கும் போக வேண்டும்.

சிங்கப்பூரின் வெக்கை மிகுந்த ஏப்ரல் மாதத்தில் ஓட்டுநர் காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். "அண்ணே, விரைவுச்சாலையில் ஒரு குறையும் இல்லை. சிராங்கூன் சாலையில் இருபது நிமிடம் ஊர்ந்தால் முள் ஏறுகிறது, ஏசியில் வெறும் காற்றுதான் வருகிறது. மறுபடி வேகம் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது" என்றார். உரிமையாளர் தொலைபேசியில் வேறொன்று சொன்னார். ஜோகூரில் இருக்கும் உறவினர் தம் வண்டியில் எஞ்சின் சுழற்றும் பழைய ரேடியேட்டர் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி போட்டிருக்கிறாராம். சூடும் அடங்கியது, டீசலும் மிச்சமாகிறதாம். அதையே செய்து கொடுங்கள் என்றார்.

ஒரு வண்டி நோயோடு வருவதும், மருந்தின் பெயரோடு வருவதும் வேறு வேறு. இது இரண்டாவது வகை. மருந்தை ஒதுக்கிவைத்துவிட்டு நோயைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் கேட்டோம்.

## வண்டியில் கண்டவை

முதலில் முள்ளை நம்புவதை நிறுத்தினோம். எஞ்சின் கணினியின் அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, எஞ்சின் தரும் உண்மையான வெப்ப அளவை முள்ளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் 78 டிகிரியில் இருந்தபோதும் முள் நடுவில் நின்றது. 103 டிகிரியிலும் அதே இடத்தில் நின்றது. 106-ஐத் தாண்டிய பிறகே அசைந்தது. ஓட்டுநரைப் பதற்றப்படுத்தக் கூடாது என்பதற்காகப் பல வண்டிகளில் அளவுமானியை இப்படித்தான் அமைக்கிறார்கள். அதனால் "முள் கொஞ்சம் ஏறியது" என்று ஓட்டுநர் சொன்ன ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஏற்கெனவே ஆபத்தின் விளிம்பில் இருந்திருக்கிறது.

கூலண்ட் துருநிறத்தில் இருந்தது. குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். கூலண்டை ஆற்றும் ரேடியேட்டரின் மூடிச் சுருள் தளர்ந்து அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை. அழுத்தம் குறைந்தால் கூலண்டின் கொதிநிலையும் குறையும். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள இடுக்கில் இலைத்துகளும், நாரும், தெர்மோகோல் மணிகளும் ஒரு விரற்கடை அளவுக்குப் படிந்திருந்தன. முன்னால் நின்று பார்த்தால் தெரியாத இடம் அது. ரேடியேட்டரைச் சாய்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

அடுத்தது ஃபேன் கிளட்ச். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெல்ட் சுழற்றும் வாட்டர் பம்ப் கப்பிக்கும் விசிறிக்கும் நடுவில் இருக்கும் வட்டப் பெட்டி அது. உள்ளே தடித்த சிலிக்கான் எண்ணெய் இருக்கும். முகப்பில் ஓர் இரட்டை உலோகச் சுருள் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் சுருள் நெளிந்து உள்ளே இருக்கும் வால்வைத் திறக்கும். எண்ணெய் பரவி, விசிறியைக் கப்பியோடு சேர்த்துப் பிடிக்கும். காற்று ஆறினால் பிடி தளரும். எந்த மின்கம்பியும் இல்லாமல் இத்தனையும் செய்யும் அந்தப் பொருளின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆனால் இந்த வண்டியின் கிளட்ச் எண்ணெயை இழந்திருந்தது. மையத்திலிருந்து வெளிநோக்கி எண்ணெய்க் கோடுகள் படிந்து, அவற்றின்மேல் தூசி ஒட்டியிருந்தது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அணைத்துவிட்டு, விசிறியின் இதழைக் கையால் சுண்டினோம். பிடிப்புள்ள கிளட்ச் ஒரு சுற்றுக்குள் நின்றிருக்கும். இது நான்கைந்து சுற்று இலகுவாக ஓடியது. இதழில் ஒளியைப் பிரதிபலிக்கும் நாடாவை ஒட்டிச் சுற்றையும் எண்ணினோம். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடியபோது, சூடான நிலையிலும், விசிறி 600-ஐத் தொடவில்லை.

ஆக, நோய் ஒன்றல்ல, நான்கு: கெட்ட கூலண்ட், தளர்ந்த மூடி, அடைபட்ட இடுக்கு, செத்த கிளட்ச். முதல் மூன்றையும் அன்றே சரிசெய்தோம். அதை மட்டும் செய்துவிட்டு ஓட்டிப் பார்த்ததில், ஊர்ந்து செல்லும்போது வெப்பம் 107-லிருந்து 102-க்கு இறங்கியது. எந்த விசிறியையும் மாற்றாமல் கிடைத்த 5 டிகிரி அது. இடுக்கைச் சுத்தம் செய்யாமல் நேராக மின்விசிறியைப் போட்டிருந்தால் புது விசிறியும் குப்பையின் ஊடாகத்தான் காற்றை இழுத்திருக்கும்.

## கிளட்சா, மின்விசிறியா?

புது கிளட்ச் போட்டால் 280 சிங்கப்பூர் வெள்ளி. மின்விசிறிக்கு நாங்கள் முதலில் போட்ட கணக்கு 520 வெள்ளி. 4 ஆண்டு மட்டுமே ஓடப்போகும் வண்டிக்கு எது தகும்?

வண்டி பெரும்பாலும் விரைவுச்சாலையில் ஓடுவதாக இருந்தால் கிளட்சையே போடச் சொல்லியிருப்பேன். இன்றும் அதுவே என் கருத்து. இந்த வண்டியின் பிழைப்பு வேறு. தீவு விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நேரம் குறைவு. கடை கடையாக நின்று ஊரும் நேரமே அதிகம். அப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடுகிறது. கிளட்ச் புத்தம் புதியதாக இருந்து முழுமையாகப் பிடித்தாலும் விசிறி ஏறக்குறைய அந்த 750-க்கு மேல் சுழல வழியில்லை. அது எஞ்சினின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. மின்விசிறிக்கு அந்தக் கட்டு இல்லை. வண்டி நின்றாலும் முழு வேகத்தில் சுழலும். கண்டென்சரும் அதே காற்றில்தான் ஆறுகிறது என்பதால் ஏசிக்கும் நல்லது. மல்லிகைப் பெட்டிகளை நினைத்துத்தான் மின்விசிறிப் பக்கம் சாய்ந்தோம்.

டீசல் மிச்சமாகும் என்ற பேச்சை உரிமையாளர் மனத்திலிருந்து எடுத்துவிட முயன்றேன். "ஐயா, மின்சாரமும் டீசலிலிருந்துதான் வருகிறது" என்றேன். இரண்டு விசிறியும் சேர்ந்து 25 ஆம்பியர் இழுத்தால் அது சுமார் 340 வாட். எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் தலையில் 600 வாட் அளவுக்குப் பாரம். விசிறி ஓடாத நேரத்தில் மிச்சம் இருக்கலாம். ஆனால் இந்த வண்டியில் அது ஓடாத நேரமே குறைவு. அவர் கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்பது அப்போது தெரியவில்லை.

வேலையைத் தொடங்கும் முன் உரிமையாளரை ஒன்று செய்யச் சொன்னோம். வாகனங்களில் செய்யும் மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் வகைப்படுத்தி வைத்திருக்கிறது: அனுமதி வேண்டாதவை, அனுமதி வேண்டியவை, செய்யவே கூடாதவை. என்ன செய்யப்போகிறோம் என்பதை எழுதிக் கேட்டு, பதில் வந்து, அது கோப்பில் சேர்ந்த பிறகே வண்டியைத் தொட்டோம். 6 மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகும் வண்டியில் இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

## முதல் பொருத்தம்

இயந்திர வேலை நன்றாக நடந்தது. 12 அங்குல விசிறிகள் இரண்டு. இரண்டும் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும் வகை. விசிறிகளை ரேடியேட்டரின் தகட்டு மடிப்புகளுக்கு ஊடாகப் பிளாஸ்டிக் ஊசி செருகிக் கட்டும் முறை சந்தையில் பரவலாக இருக்கிறது. அதை நான் அனுமதிப்பதில்லை. வண்டி அதிர அதிர அந்த ஊசி குழாயை அராவி ஓட்டை போட்டுவிடும். அதோடு, மறைப்பு இல்லாத விசிறி தன் வட்டத்தின் அளவுக்கு மட்டுமே காற்றை இழுக்கும்; மூலைகள் வீணாகும். 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் ரேடியேட்டரின் முழு அகலத்துக்கும் ஒரு கூண்டு செய்து, தகட்டுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே 30 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, விசிறிகளை அதில் பொருத்தினோம். வேகத்தில் வரும் எதிர்க்காற்றை அந்தத் தகடே தடுத்துவிடக் கூடாது என்பதால் ரப்பர் மடல்கள் வைத்த நான்கு திறப்புகளையும் வெட்டினோம். மெதுவாகப் போகும்போது விசிறியின் இழுப்பில் மடல்கள் மூடிக்கொள்ளும். வேகத்தில் எதிர்க்காற்றே அவற்றைத் தள்ளித் திறந்துகொள்ளும்.

கிளட்சைக் கழற்றும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: வாட்டர் பம்ப் கப்பியைப் பிடித்திருப்பதும் அதே நான்கு நட்டுகள்தாம். கிளட்சின் தடிமன் போய்விட்டதால் நட்டு மரையின் அடிவரை இறங்கி, இறுகியதுபோல் தோன்றும். ஆனால் கப்பி ஆடும். அந்தத் தடிமனுக்கு ஈடாக உலோக வளையங்கள் வைத்து இறுக்கினோம்.

மின் வேலையில்தான் பிழை செய்தோம். இரண்டு விசிறிக்கும் ஒரே ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச். வழியில் தொங்கும் வகை ஃபியூஸ் கூடு, உள்ளே 30 ஆம்பியர் ஃபியூஸ். விசிறிகளோடு வந்த வெப்ப உணரியின் முனையை ரேடியேட்டர் மடிப்புகளுக்குள் செருகினோம். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் கம்பியை அருகில் இருந்த உடல்தகட்டில் ஒரு திருகில் கட்டினோம். நண்பகலில் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை 2,000 சுற்றில் வைத்து அரை மணி நேரம் ஓட்டினோம். வெப்பம் 94-ஐத் தாண்டவில்லை. பேட்டரியில் 13.9 வோல்ட் இருந்தது. திருப்தியோடு வண்டியை ஒப்படைத்தோம்.

அந்தச் சோதனையில் விளக்கு இல்லை, மழை இல்லை, வைப்பர் இல்லை. எஞ்சினும் ஊரும் வேகத்தில் ஓடவில்லை. வண்டி எந்த நிலையில் சூடேறியதோ அந்த நிலையை நாங்கள் உண்டாக்கிப் பார்க்கவே இல்லை. பின்னால் நடந்த அனைத்துக்கும் வேர் இதுதான்.

## பதினோராம் நாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை. லிட்டில் இந்தியாவில் வழக்கமான கூட்டம், கூடவே கனமழை. முகப்பு விளக்கு, வைப்பர், ஏசி, உச்ச வேகத்தில் ஊதுவிசிறி எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, வண்டி சிராங்கூன் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்து விளக்கு மங்குவதை ஓட்டுநர் கவனித்திருக்கிறார். பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை. ஏசிக் காற்று சூடானது. முள் அசையத் தொடங்கியது.

எங்கள் பிழைக்கு இடையில் அவர் செய்தது சரியான செயல். முள் நடுவைத் தாண்டியதுமே ஏசியை அணைத்து, பக்கத்துச் சந்தில் திரும்பி, எஞ்சினை நிறுத்தினார். ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் எங்களை அழைத்தார். குளிர்நாடுகளில் இப்படிப்பட்ட நேரத்தில் ஹீட்டரைப் போட்டு எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் கேபினுக்குள் இறக்குவார்கள். இந்த வண்டியில் ஹீட்டரே கிடையாது. எஞ்சினை அணைப்பது ஒன்றே வழி.

அன்றைய சரக்கில் மீதியிருந்த மூன்று பெட்டிகளை வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தச் செலவைப் பட்டறை ஏற்றுக்கொண்டது.

## கோளாறின் வேர்

ஃபியூஸ் கூடு உருகி, உள்ளே தொடர்பு விட்டிருந்தது. ஃபியூஸ் மட்டும் எரியாமல் முழுதாக இருந்தது. பட்டறையில் இருந்த இளைஞர் ஒருவர் "ஃபியூஸ் போகவில்லையே, பிறகு எப்படி உருகியது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஃபியூஸ் தன் வழியே ஓடும் மின்னோட்டம் மிகுந்தால் மட்டுமே எரியும். இங்கே ஓடியது 24 ஆம்பியர், 30-க்குள் அடக்கம். சூடு பிறந்தது ஃபியூஸின் இரு கால்களையும் கூடு பிடிக்கும் இடத்தில். அங்கே பிடி தளர்வு. அந்த இடத்தில் மட்டும் 0.6 வோல்ட் வீழ்ச்சியை, அதே வகையான புதுக் கூட்டை மாட்டி ஓட்டி அளந்தோம். 0.6 வோல்ட்டை 24 ஆம்பியரால் பெருக்கினால் 14 வாட். விரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக் கூட்டுக்குள் அத்தனை வெப்பம் இடைவிடாமல் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தால் அது உருகத்தான் செய்யும்.

எர்த் பக்கம் இன்னொரு 0.4 வோல்ட் போனது. வண்ணப்பூச்சைச் சுரண்டாமல் திருகியிருந்தோம்.

ஆனால் விளக்கு ஏன் மங்கியது? இதற்கு விடை காண, மாலை இருட்டிய பிறகு பட்டறைக்குள்ளேயே அந்த ஞாயிற்றுக்கிழமையை மறுபடி உண்டாக்கினோம். எஞ்சின் 750 சுற்று, எல்லா மின்சாதனங்களும் இயக்கத்தில், கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஆல்டர்னேட்டர் கம்பியில். 80 ஆம்பியர் என்று முத்திரையிட்ட ஆல்டர்னேட்டர், சூடான நிலையில், அந்தக் குறைந்த சுற்றில் 38 ஆம்பியர்தான் கொடுத்தது. முத்திரையில் இருப்பது எஞ்சின் வேகமாக ஓடும்போது கிடைக்கும் அளவு. செலவுப் பக்கம் விளக்குகளுக்கு 11, ஊதுவிசிறிக்கு 14, ஏசி கம்பிரசரின் கிளட்சுக்கு 4, வைப்பருக்கு 4, எஞ்சினின் சொந்தத் தேவைக்கு 7. மொத்தம் 40. அதாவது மின்விசிறி வருவதற்கு முன்பே செலவு வரவை 2 ஆம்பியர் மிஞ்சியிருந்தது. அதன்மேல் 24 ஆம்பியரை ஏற்றிவிட்டோம். பற்றாக்குறையைப் பேட்டரி கொடுத்தது. கொடுத்துக் கொடுத்து வண்டியின் வோல்ட் 12.2-க்கு இறங்கியது. கூட்டிலும் எர்த்திலும் இழந்ததைக் கழித்தால் விசிறிக்குப் போய்ச் சேர்ந்தது 11.2 வோல்ட். வோல்ட் குறைந்தால் விசிறி மெதுவாகும், காற்று குறையும், சூடு இறங்காது, சூடு இறங்காததால் விசிறி நிற்காமல் ஓடும், நிற்காமல் ஓடுவதால் கூடு இன்னும் சூடாகும்.

வெப்ப உணரியும் இதற்குத் துணைபோனது. மடிப்புகளுக்குள் செருகிய முனை கூலண்டின் வெப்பத்தை அறியவில்லை; அங்கே வீசும் காற்றின் வெப்பத்தையே அறிந்தது. அதைச் சமாளிக்க உணரியின் அளவைக் கீழே இறக்கி வைத்திருந்தோம். கூலண்ட் 86 டிகிரியை எட்டியதுமே விசிறி ஓடத் தொடங்கிவிட்டது. கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்குவதே 82-இல். முழுவதும் திறப்பது 95-இல். தெர்மோஸ்டாட் தன் வேலையை முடிக்கும் முன்பே விசிறியை ஓடவிட்டால் அது ஓய்வே இல்லாமல் ஓடும். ஒரு பொருள் தானாகவே கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னொன்றை முந்திக்கொள்ள விட்டிருந்தோம்.

எஞ்சினுக்குச் சேதம் உண்டா என்பதையும் பார்த்தோம். கூலண்ட் தொட்டியின் வாயில் எரிந்த வாயுவின் கசிவைக் காட்டும் நீலத் திரவத்தை வைத்துச் சோதித்தோம். சிலிண்டரிலிருந்து வாயு கசிந்தால் அது நிறம் மாறும். நீலமாகவே இருந்தது. மறுநாளும் ஒரு முறை செய்து உறுதிப்படுத்திக்கொண்டோம்.

## இரண்டாம் பொருத்தம்

எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கிளட்சுக்கே திரும்பலாமா என்று உரிமையாளரிடம் கேட்டோம். அது கண்ணியமான வழி என்று அப்போது நினைத்தேன். அவர் ஓட்டுநரைக் கேட்டார். அந்தப் பதினொரு நாளில் பத்து நாள் ஏசி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் குளிர்ந்தது என்றார் ஓட்டுநர். அதனால் தொடர்ந்தோம். ஆல்டர்னேட்டர் விலையை அவரும், மற்ற எல்லாவற்றையும் நாங்களும் ஏற்பது என்று முடிவாயிற்று.

முதல் மாற்றம் விசிறிகளுக்கு இரண்டு வேகம் வைத்தது. மூன்று ரிலேக்களைக் கொண்டு, விசிறிகள் சில நேரம் தொடராகவும் (ஒன்றின் வழியே மற்றொன்றுக்கு), சில நேரம் இணையாகவும் (தனித்தனியே) மின்சாரம் பெறும்படி அமைத்தோம். தொடராக இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட்தான் கிடைக்கும், மெதுவாகச் சுழலும், இரண்டும் சேர்ந்து 6 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். ஏசி கம்பிரசர் ஓடும்போதெல்லாம் இந்த மெதுவேகம். கூலண்ட் 95-ஐத் தொட்டால் இணையாக மாறி முழுவேகம், 25 ஆம்பியர். 90-க்கு இறங்கினால் மறுபடி மெதுவேகம். பல கார்களில் தொழிற்சாலையிலேயே இப்படித்தான் அமைத்து அனுப்புகிறார்கள். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, உணரி. ரேடியேட்டர் மேல்ஹோஸை வெட்டி, நடுவே ஓர் உலோக இணைப்பைச் சொருகி, அதில் உணரியைத் திருகினோம். இப்போது அது கூலண்டையே தொடுகிறது. இதில் ஒரு பொறி உண்டு. ஒற்றை முனை உள்ள உணரி தன் உடல்வழியே எர்த் பெறும் வகை. ஆனால் உலோக இணைப்பின் இரு பக்கமும் ரப்பர் ஹோஸ்; ரப்பர் மின்சாரம் கடத்தாது. இணைப்புக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி கட்டாவிட்டால் விசிறி ஒருபோதும் ஓடாது. இதைப் பட்டறையிலேயே கண்டுபிடித்துவிட்டோம். சாலையில் தெரியவந்திருந்தால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆகியிருக்கும்.

மூன்றாவது, கம்பிகள். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. தொங்கும் கூட்டுக்குப் பதிலாக, போல்ட் போட்டு இறுக்கும் 40 ஆம்பியர் ஃபியூஸ். எர்த்தை உடல்தகட்டில் விடாமல் நேராகப் பேட்டரியின் எதிர்மின்முனைக்கே கொண்டுபோனோம். முடித்துவிட்டு அளந்தபோது மொத்த வோல்ட் வீழ்ச்சி 0.25.

நான்காவது, 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். ஊரும் சுற்றில், சூடான நிலையில், அது 62 ஆம்பியர் கொடுத்தது. மழை இரவில் மெதுவேகத்தோடு மொத்தச் செலவு 46. முழுவேகம் வரும் சில நிமிடங்களில் 65 ஆகிறது. அந்த 3 ஆம்பியர் குறையைப் பேட்டரி தாங்கும்.

எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி சிறிது நேரம் ஓட வேண்டுமா என்பதில் பட்டறைக்குள் நீண்ட பேச்சு நடந்தது. நிறுத்தி வைத்த வண்டியின் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். எனவே ஒவ்வொரு கடையிலும் ஓட்டுநர் எஞ்சினை அணைக்கிறார். அணைத்ததும் கூலண்ட் ஓட்டம் நிற்கிறது. எஞ்சின் தலையில் தேங்கிய சூடு அதற்குள் ஏறுகிறது. பத்து நிமிடம் கழித்து எஞ்சினை மறுபடி இயக்கும்போது வெப்பம் 5, 6 டிகிரி கூடித் தெரிகிறது. அணைத்த பிறகும் விசிறி ஓடினால் இது குறையும் என்றார் ஒருவர். வாட்டர் பம்ப் நின்ற பிறகு ரேடியேட்டரை மட்டும் ஆற்றுவதால் எஞ்சினுக்கு அதிகப் பயன் இல்லை என்பது என் வாதம். நாளுக்கு 15 முறை பேட்டரியைச் சுரண்டுவதும் ஆகாது. எல்லாவற்றையும்விட, அணைத்த வண்டியின் பானட்டைத் திறந்து கைவிடுகிறவரின் விரல் எனக்கு முக்கியம். சாவியைத் திருப்பினால் விசிறி நிற்கும்படியே விட்டோம்.

கடைசியாக, ஓட்டுநரின் கண்ணெதிரே இரண்டு சிறு எல்இடி விளக்குகள். விசிறியின் முனைக்கு மின்சாரம் வந்து சேர்ந்தால் பச்சை எரியும். கூலண்ட் 103-ஐத் தொட்டால் சிவப்பு எரிந்து ஒலியும் எழும். நடுவில் உறங்கும் அந்த முள்ளை நம்பி இனி அவர் ஓட்ட வேண்டியதில்லை.

## பின்னர் நடந்தவை

இம்முறை சோதனையைப் பட்டறை வாசலில் செய்யவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஓட்டுநரோடு நானே வண்டியில் ஏறி, எல்லா மின்சாதனங்களையும் போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலையில் நாற்பது நிமிடம் ஊர்ந்தேன். வெப்பம் 91-க்கும் 97-க்கும் இடையிலேயே இருந்தது. முழுவேகம் இரண்டு, மூன்று நிமிடம் ஓடி மறுபடி தணிந்தது. ஏசி வாயிலில் வெப்பமானியை வைத்தோம்: வண்டி எங்களிடம் வந்த முதல் நாள் நெரிசலில் 17 டிகிரி காட்டிய இடத்தில் இப்போது 11. தீவு விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் கூலண்ட் 87-இல் நின்றது. முழுவேகம் ஒருமுறைகூட வரவில்லை. எதிர்க்காற்றே போதுமாயிற்று.

தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரம்தான் உண்மையான தேர்வு. ஒளியூட்டைப் பார்க்க வரும் கூட்டம், இரட்டிப்பான பூச்சரக்கு, மாலைதோறும் மழை. அந்த நாட்களில் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தது. ஒரு காகிதப்பை முன்கிரில்லை மூடியிருந்தது. ஓட்டுநர் இறங்கி எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். பழைய முள் மட்டும் இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது.

டீசல் கணக்கை உரிமையாளர் ஒரு நோட்டில் ஆறு மாதம் எழுதிவைத்தார். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று அவரே காட்டினார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். பரிசோதனை வந்தது; வண்டி தேறியது.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே வேலை நாளை வந்தால் முதலில் கையில் எடுப்பது கிளாம்ப் மீட்டர். விசிறியின் விட்டம், இதழ்களின் எண்ணிக்கை, காற்றின் அளவு பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நாங்களும் அதையே பேசினோம். ஊரும் சுற்றில் ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுக்கிறது, மழை இரவில் வண்டி எவ்வளவு கேட்கிறது என்ற இரண்டு எண்களும் தெரியாமல் ஒரு கம்பியைக்கூட வெட்டக் கூடாது. அந்த அளவீட்டுக்கு அரை மணி நேரம் போதும். அதை முதலில் செய்திருந்தால் 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டரின் விலையும் முதல் கணக்கிலேயே ஏறியிருக்கும். மொத்தச் செலவு கிளட்சின் விலையைப்போல மூன்று மடங்குக்கு மேல் என்று தெரிந்த பிறகும் இதையே தேர்ந்திருப்பாரா என்று உரிமையாளர் அமைதியாக யோசித்திருக்க முடியும். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்காமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

விசிறிகளோடு வரும் கம்பி, கூடு, உணரி மூன்றையும் இனி நாங்கள் பயன்படுத்துவதில்லை. விசிறியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கிளட்சுக்கு இல்லாத ஒரு குறை மின்விசிறிக்கு உண்டு. அது முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கக் கூடியது. மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டுகள் தேய்கின்றன. தாங்கிகள் மழைநீரில் கெடுகின்றன. அதனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்பு வண்டியை எங்களிடம் கொண்டுவரச் சொல்லி, இரண்டு விசிறிகளும் தனித்தனியே இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து கோப்பில் எழுதுகிறோம். பொருத்திய அன்று இரண்டும் 12.4 ஆம்பியர். கடைசி அளவில் இடது 12.5, வலது 13.6. வலது விசிறியைக் கையால் சுழற்றினால் ஓரிடத்தில் லேசாக உரசுகிறது. மாற்று விசிறி ஒன்றுக்குச் சொல்லியாயிற்று. அது வந்து சேரும்வரை வாரம் ஒருமுறை சாவியைத் திருப்பி, பச்சை விளக்கை மட்டும் பார்க்காமல் பானட்டையும் திறந்து, இரண்டு விசிறிகளும் சுழல்வதைக் கண்ணால் பார்க்கும்படி ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன்.